தூங்கினால் மூன்றரை, நைட் முடிந்தால் மூன்று: நெய்வேலியில் என் பிக்கிள்பால் லெவல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு சென்னையிலிருந்து நெய்வேலிக்குப் போனேன். பிக்கிள்பாலில் என் லெவல் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். இதற்காக ஒருவர் நாலே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டுமா என்று கேட்பீர்கள். சென்னையிலேயே எனக்கு ஒரு லெவல் இருந்தது. மூன்றரை. ஆனால் அந்த மூன்றரையை எனக்குக் கொடுத்தவன் நான்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஷட்டில் கோர்ட் அளவுள்ள இடம், இடுப்புயர வலை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, டேபிள் டென்னிஸ் மட்டையைவிடக் கொஞ்சம் பெரிய மட்டை. பதினோரு பாயின்ட் வரை ஆட வேண்டும். ஆடுபவர்களை இரண்டிலிருந்து ஐந்து வரை அரை அரையாகப் பிரிக்கிறார்கள். இரண்டு என்றால் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும். ஐந்து என்றால் வேறு வேலை எதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க என் போனில் ஓர் ஆப் இருக்கிறது. கேள்வி கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும். 'கடினமான பந்துகளையும் நிதானமாகத் திருப்பி அனுப்புவீர்களா?' என்று கேட்டது. அனுப்ப எனக்கு விருப்பம்தான் என்பதால் 'ஆம்' என்று அழுத்தினேன். மூன்றரை வந்தது. நான் ஆடும் வேளச்சேரி மொட்டைமாடியில் மூன்றரைக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. போன வாரம் சேர்ந்தவரும் மூன்றரைதான்.

நெய்வேலியில் இருப்பது என் மனைவி மலர்விழி. அங்கே அனல் மின் நிலையத்தில், பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து, மீட்டரில் வைத்து, வருகிற எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் சென்னையில் பள்ளிக்கூட நோட்ஸ் அச்சிடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். திருமணமாகி ஒன்பது வருடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி மாலை போய், ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவேன். மொத்தம் எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம் என்பதைக் கூட்டினால் தெரியும். கூட்டவில்லை. பிழை திருத்துகிறவனுக்குச் சில வரிகளைத் தாண்டிப் போகவும் தெரிய வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மலர் குடியிருக்கும் பிளாக்கில் பழைய ஷட்டில் கோர்ட்டில் புதுக் கோடு போட்டு பிக்கிள்பால் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எங்கள் போன் பேச்சில் சேகர் வராத நாளில்லை. எலக்ட்ரிகல் பிரிவில் வேலை, இடது கைக்காரர், கலப்பு இரட்டையரில் மலருக்கு ஜோடி. எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இடது கைக்காரரும் வலது கைக்காரரும் ஜோடி சேர்ந்தால் இருவருடைய பலமான கையும் கோர்ட்டின் நடுவில் வரும் என்பது ஆட்ட நுணுக்கம். இதை உறுதிசெய்துகொள்ள மூன்று கட்டுரைகள் படித்தேன். பிறகு மலரிடம் சொல்லாமல் நான்கு மாதம் மொட்டைமாடியில் பயிற்சி எடுத்தேன்.

ஒரு நாள் போனில் மலர் சொன்னாள்: "அடுத்த லீக்குக்கு வர ஞாயித்துக்கிழம ஜோடி பேரு குடுக்கணும். சேகர்னே குடுத்துடட்டுமா?"

"நான் வரேன்."

"பாக்கவா?"

"ஆடறதுக்கு."

"ஒங்க லெவல் என்னா?"

"மூணரை."

"யாரு சொன்னா?"

"ஆப்."

"சரி, வாங்க. இங்க போர்மேன் பாத்து சொல்லட்டும்" என்று வைத்துவிட்டாள். அந்தக் குழுவில் எல்லோருக்கும் லெவல் போடுவது அந்த போர்மேன்தான். அங்கே ஒரு விதியும் உண்டு. ஜோடியாக ஆடும் இருவருக்கும் இடையில் அரை பாயின்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மலர் மூன்றரை. எனக்கு மூன்று கிடைத்தாலே போதும். என் மூன்றரையில் அரை குறைத்தாலும் மூன்று. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளாம்பாக்கத்தில் மதியம் 1.40க்குக் கும்பகோணம் பஸ் கிடைத்தது. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு 190 ரூபாய். திண்டிவனம்வரை தூங்கலாம். விக்கிரவாண்டி தாண்டிச் சாலை வேலை நடக்கும் இடங்களில் தூங்க முடியாது. நான் மடியில் மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டியில் பலாப்பழம் விற்கிறார்கள். பண்ருட்டி வழியாகப் போகும் பயணக் கட்டுரையில் இதை எழுத வேண்டியது மரபு, எழுதிவிட்டேன்.

ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி 6.25. அங்கிருந்து நகரியத்துக்குள் டவுன் பஸ் உண்டு. அவசரமென்றால் ஆட்டோ, 120 ரூபாய். எனக்கு அவசரம். மலருக்கு அன்று நைட் ஷிப்ட், ஒன்பதே காலுக்குக் கிளம்பிவிடுவாள். ஆட்டோக்காரர் வடக்குத்துக்காரர். கண்ணாடியில் என் தோளைப் பார்த்தார்.

"என்னா சார், மட்ட மாட்டிக்கினு வந்துக்கிறீங்க? பூப்பந்தா?"

"பிக்கிள்பால்."

"ஓ, அதுவா. காலைல ஆறேகாலுக்கே அந்த கோர்ட்டுக்கு சவாரி இருக்குது சார். நைட்டு முடிச்சிட்டு வூட்டுக்கு போவாம நேரா அங்க போறாங்க. என்னா ஆட்டமோ, தூக்கத்த வுட்டுட்டு." பிறகு ஏதோ யோசித்து, "நீங்க பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா சார்?" என்றார்.

"ரெண்டும் இல்ல. என் மனைவி இங்க வேலை செய்யறாங்க."

"அப்ப விருந்தாளி" என்று முடிவு சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். மரங்களுக்கு நடுவே நேர்க்கோடாகப் போகும் தெருக்கள், ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ் வீடுகள். எண் தெரியாமல் வந்தால் இன்னொருவர் வீட்டில் காபி குடித்துவிட வாய்ப்புண்டு.

மலர் தோசை ஊற்றினாள். அவளுக்கு அது வேலைக்கு முந்தின சாப்பாடு, எனக்கு ராத்திரி சாப்பாடு. பேசினோம். வழக்கமாக இரண்டு வாரச் செய்தியை இரண்டரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கப் பார்ப்போம். அன்று அவள் என் மட்டையை வாங்கித் தட்டிப் பார்த்து, "விலை ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னாள். ஒன்பதே காலுக்குக் கிளம்பினாள்.

காலை 6.15க்குக் கோர்ட்டில் இருந்தேன். போர்மேன் எனக்கு முன்னால் வந்து கோர்ட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெயர் தங்கராசு, கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தொழில் சோதனை வைத்து மார்க் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோர்ட் ஓரத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தார். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள்.

"இது எதுக்கு ரெண்டு?"

"மொதல்ல இருக்கறது தூங்கி எழுந்து வந்தா. ரெண்டாவது நைட்டு முடிச்சிட்டு வந்தா" என்றார். "தூங்கின ஆளும் தூங்காத ஆளும் ஒண்ணாங்க? முன்னெல்லாம் ஒரே நம்பர்தான். வீக் ஆஃப்ல ஆடி மூணரை வாங்குவான், நைட்டு முடிச்சி வந்து ரெண்டர ஆட்டம் ஆடுவான். ஜோடியா ஆடறவன் சண்டைக்கி வருவான். இப்ப எந்த ஞாயித்துக்கிழம யாருக்கு என்னா ஷிப்டுன்னு பாத்துட்டுத்தான் ஆட வுடறது."

தாளைப் படித்தேன். பெரும்பாலும் அரை பாயின்ட் இறங்கியிருந்தது. மலர்விழி: 3.5, 3.0. சேகர்: 3.5, 3.5. ஒருவருக்கு மட்டும் நைட் முடிந்து வந்தால் லெவல் அரை பாயின்ட் ஏறியிருந்தது. அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன். போர்மேன் மீண்டும் கோர்ட்டைக் கூட்டப் போய்விட்டார்.

ஆறரைக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். மலர் வேலை உடுப்போடு ஸ்கூட்டியில் வந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சேகரும் வந்தார். நான் எதிர்பார்த்ததைவிடக் குள்ளம், எதிர்பார்த்ததைவிட நல்லவர். "வாங்க சார், மேடம் சொன்னாங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்கு மாதமாக அவரைப் பற்றி நினைத்ததில் பாதியை அந்த இடத்திலேயே கைவிட வேண்டியதாயிற்று.

சோதனை இப்படி நடந்தது. முதலில் பத்து சர்வீஸ். எட்டு உள்ளே விழுந்தது. "சர்வீஸ் நல்லா இருக்குது" என்றார் போர்மேன். மூன்றரைக்காரனுக்கு இதெல்லாம் சாதாரணம் என்ற முகத்துடன் நின்றேன். அடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பத்து சர்வீஸைத் திருப்ப வேண்டும். ஏழு உள்ளே போனது. ஆனால் பின்கோட்டுக்குப் பக்கத்தில், ஆழமாக விழுந்தது இரண்டுதான். போர்மேன் எழுதியது அந்த இரண்டை.

பிறகு டிங்க். வலையிலிருந்து ஏழடிக்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. எதிராளியால் ஓங்கி அடிக்க முடியாதபடி பந்தை மெத்தென்று அவருடைய கிச்சனில் வைப்பதுதான் டிங்க். லெவல் மூன்று கிடைக்க இருபது டிங்க் விடாமல் போக வேண்டும். எதிரே நின்றவர் கலா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முதல் தடவை நான்கு. இரண்டாவது, ஏழு. மூன்றாவது தடவை ஐந்தாவது பந்தில் எனக்கே பொறுமை போய் ஓங்கி அடித்தேன். பந்து குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது.

"அவசரம் சார்" என்றார் கலா டீச்சர். "ஒம்பதாங் கிளாஸ் பசங்களுக்கும் இதேதான்."

கடைசியாக ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்தார்கள். நெஞ்சுயரத்துக்கு வேகமாக வரும் பந்துகளை எல்லாம் பாய்ந்து பாய்ந்து அடித்தேன். நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், வெளியில போற பந்த ஏன் உள்ள கூப்ட்டுக்கினு வர்றீங்க?" என்று போர்மேன் கத்தினார். "அது பாட்டுக்கு போவுது. நீங்க அடிக்கலேன்னா நமக்கு பாயின்ட்டு."

ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, தாளில் என் பெயருக்கு எதிரே எழுதினார். 2.5.

வேளச்சேரியில் நான்கு மாதம் மூன்றரையாக வாழ்ந்தவன் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பாயின்ட் இறங்கிவிட்டேன். ஒரு பாயின்ட்கூடப் பரவாயில்லை. மூன்றுக்கு அரை குறைகிறதே என்றுதான் இருந்தது. போர்மேன் என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு செவந்து கெடக்குதே. நைட்டா சார்?"

நைட் முடிந்து வந்து இரண்டரை வாங்கினால் தூங்கிய லெவல் மூன்று. மூன்று என்றால் மலருக்கு ஜோடி. நான் பதினொரு மணிக்குப் படுத்தேன். அவள் நைட்டுக்குப் போன வீட்டில் எனக்கு நல்ல தூக்கம் வருவதில்லை. மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன், கூடத்தில் கொஞ்சம் நடந்தேன். இதை நைட் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

"அவரு தூங்குனாரு, போர்மேன்" என்று பெஞ்சிலிருந்து மலர் சொன்னாள். கண்ணைத் திறக்கவில்லை. "அஞ்சே முக்காலுக்கு போன் பண்ணேன். ஆறாவது ரிங்குல எடுத்து 'ம்'னாரு. அது தூங்குன ஆளு சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டரில் வருகிற எண்ணைத்தான் எழுத வேண்டும். அவள் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறாள். எனக்காக மாற்றி எழுதுவாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. ஆனாலும் எதிர்பார்த்தேன்.

போர்மேன் லீக் நோட்டைத் திருப்பினார். "அப்ப மேடத்துக்கு சேகர்னே போட்டுடறேன்."

"சார் ஆடட்டும் போர்மேன். அவ்ளோ தூரத்திலிருந்து வந்துக்கிறாரு" என்றார் சேகர்.

"தூரத்துக்கெல்லாம் பாயின்ட்டு கெடையாதுப்பா."

அப்போதுதான் மலர் கண்ணைத் திறந்தாள். "போர்மேன், என் லெவல் என்னா?"

"மூணரைம்மா."

"இன்னைக்கி?"

அவர் தாளைப் பார்த்தார். "இன்னைக்கி நைட்டு முடிச்சி வந்துக்கிறீங்க. மூணு."

"அவரு?"

"ரெண்டரை."

"வித்தியாசம்?"

போர்மேன் பேனாவை மூடினார், திறந்தார். இரண்டு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அரை" என்றார். பிறகு, "நான் எழுதுன ரூலுலயே என்னை மாட்டி வுட்டுட்டீங்களேம்மா" என்று நோட்டில் புதிதாக ஒரு வரி போட்டார். லீக்கில் ஆறு ஞாயிறு. அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலர் நைட் முடித்து வருவாள். அந்த இரண்டுக்கும் என் பெயர். மற்ற நான்குக்கும் சேகர்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டு போய் தூங்கறேன்" என்று மலர் எழுந்தாள். எதிரே சேகரும் கலா டீச்சரும்.

ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. பதினொன்றுக்கு ஆறு, தோற்றோம். ஆனால் நான்குக்கு ஏழு என்று இருந்தபோது சேகர் இடது கையால் ஓங்கி அடித்தார். பந்து என் தோளுக்கு நேராக வந்தது. மட்டை தானாக மேலே போனது. "விடுங்க" என்றாள் மலர். விட்டேன். பந்து கோட்டுக்கு ஓரடி வெளியே விழுந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த சர்வீஸுக்கு நகர்ந்துவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். போனில் கேட்கிற குரல் மூன்றடி தள்ளியிருந்து வந்திருக்கிறது. என்னிடம் நலம் விசாரிக்காமல், இரண்டு வாரச் செய்தி சொல்லாமல், வேறொரு வேலைக்கு நடுவில், இருவருக்கும் பொதுவான ஒரு வேலைக்கு நடுவில். தினமும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது எத்தனை தடவை கிடைக்கும் என்று தெரியவில்லை. அவர்கள் எண்ணுவதில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி இரண்டு பாயின்ட்டில் மலர் சுலபமான பந்துகளைத் தவறவிட்டாள். மட்டை பாதி வழியிலேயே நின்றது. தூக்கத்தில் கை அப்படித்தான் நிற்கும். அரை பாயின்ட் இறங்குவது என்றால் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன்.

எட்டரைக்கு வீட்டில் படுத்தாள். "ஆப்லயும் ரெண்டரைன்னு மாத்திடுங்க" என்றாள்.

"மாத்தறேன்."

"மூணு வந்தா போன் பண்ணுங்க. வேற எதுக்கு வேணா ராத்திரி பேசிக்கலாம். அதுக்கு மட்டும் ஒடனே பண்ணுங்க." சொல்லி முடிக்கும்போதே தூங்கிவிட்டாள். ஒன்றே காலுக்கு நான் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. இரண்டு மணிக்கு ஆர்ச் கேட்டில் பஸ்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நகரியத்துக்குள் தங்க உள்ளூர்க்காரர் யாராவது சொல்லி அறை எடுத்துத் தர வேண்டியிருக்கும். இல்லையென்றால் வெளியே மெயின் ரோட்டில் லாட்ஜ் பாருங்கள். கோர்ட் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. வெளியாட்களை ஆடவிடுகிறார்கள், ஷூ இல்லாமல் விடுவதில்லை. தரை சிமெண்ட், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து வரவும். லெவல் பார்க்க நெய்வேலிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊரிலேயே, உங்களிடம் பிரியம் உள்ள ஆனால் எண்ணை மாற்றி எழுதாத ஒருவரை நோட்டோடு உட்கார வையுங்கள். நீங்கள் அடித்த நல்ல அடிகளை அவர் எழுத வேண்டாம், பத்தில் எத்தனை என்று மட்டும் எழுதட்டும். வெளியே போகும் பந்தை எத்தனை தடவை அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து. தூங்கி எழுந்த நாளில் ஒன்று, தூங்காத நாளில் ஒன்று என்று இரண்டு எண் எடுங்கள். வருகிற எண் பிடிக்காது. அது சரியான எண் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆப்பில் இரண்டரை என்று மாற்றிவிட்டேன். வேளச்சேரி மொட்டைமாடியில் இப்போது மூன்றரைக்குக் கீழே ஒரே ஓர் ஆள் இருக்கிறார். என்னோடு ஜோடி சேர ஆள் கிடைப்பதில்லை என்பதால் சுவரைப் பார்த்து டிங்க் ஆடுகிறேன். சுவர் அவசரப்படுவதில்லை.

என் பெயர் எழுதிய அந்த இரண்டு ஞாயிறுகளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றுக்காகக் காத்திருக்கிறேன். அதாவது, மலர் எட்டு மணி நேரம் கண்விழித்துக் களைத்து வரப்போகிற இரண்டு காலைகளுக்காக. இதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் மூன்று வந்தால் உடனே போன் பண்ணச் சொன்னாள் என்று தோன்றுகிறது. அவள் நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, முழு மூன்றரையாக வந்து நிற்கும் ஒரு காலையில் நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் அரை பாயின்ட் குறைகிறது.